சவரக்கடை மரிமோ

என் கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்ப்பதற்கு முன்னால் மரிமோவைத்தான் பார்ப்பார்கள். அலமாரியில், வெயில் எட்டாத மூலையில், ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடி. அதன் அடியில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு பச்சை உருண்டை. "இது நெசமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "பின்ன, பெயின்ட் அடிச்ச பந்தா?" என்பேன். அப்புறம் கேட்காமலேயே சொல்லிவிடுவேன், "நான் வளத்தது. இருபத்தாறு வருஷம்."

எங்கள் ஊரில், அக்கான் ஏரிக்கரையில், மரிமோ விற்காத கடையே இல்லை. குட்டி பாட்டிலுக்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு பாசி உருண்டை. ஏரியில் தானாக உருண்டு உருண்டு வளர்கிற மரிமோ நாட்டுச் சொத்து, அதில் ஒரு நாரைக்கூட யாரும் தொடக் கூடாது. பாட்டிலில் விற்பது வேறு ஏரியிலிருந்து பாசியை அள்ளிவந்து கையால் உருட்டியது. ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் ஒளித்து வைப்பதில்லை. பயணிகள் வாங்கிக்கொண்டு போய் டிவி மேலே வைப்பார்கள். ரெண்டு மாசத்தில் அது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நான் இந்தக் கடையைத் திறந்த அன்றைக்கு, ஷோவா முப்பத்தாறாம் வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், எதிர் வரிசையில் இருக்கும் ஒகாசவாராவின் பரிசுப்பொருள் கடையில் அப்படி ஒரு பாட்டில் வாங்கினேன். கடைக்கு ஒரு பச்சை இருக்கட்டுமே என்று வாங்கியது, அவ்வளவுதான். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றுவேன். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் ஆறவைத்த பிறகுதான் ஊற்றுவேன். உருண்டையை எடுத்து, குளிப்பாட்டின குழந்தையின் தலையைத் துடைக்கிற மாதிரி அமுக்கி, அழுக்குத் தண்ணீரை வடித்து, உள்ளங்கையில் நாலு சுற்று உருட்டி, போன தடவை மேலே இருந்த பக்கம் இப்போது கீழே வருகிற மாதிரி வைப்பேன். வெயில் ஆகாது. சூடு ஆகவே ஆகாது. முகம் துடைக்கிற துண்டுகளை வேகவைக்கிற டப்பாவும் மண்ணெண்ணெய் அடுப்பும் உள்ள சவரக்கடையில் சூடு இல்லாத மூலை கண்டுபிடிப்பதற்கே எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. வெயில் காலத்தில் அது குளிர்பெட்டியில் காய்கறித் தட்டில் உட்கார்ந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு நெல் அகலம் வளர்ந்தால் அதிகம். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு அது தெரியும்.

பெருமையடித்துக்கொள்வது எங்கள் ஊரில் நல்ல பழக்கம் இல்லை. எனக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை.

வினை இந்த வருஷம் வந்தது. அக்டோபரில் மரிமோ திருவிழா. சடங்குக்காக ஏரியிலிருந்து எடுத்த உருண்டைகளைக் கடைசி நாளன்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஐனுக்களின் மூத்தவர் மரத்தோணியில் கொண்டுபோய்த் திரும்ப ஏரியில் விடுவார். அந்தக் காலத்தில் ஏரியிலிருந்து மரிமோவைத் திருடிப்போனவர்களெல்லாம் மனசு உறுத்தி அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. வாங்கி ஏரியில் விட்டார்கள். அந்த வழக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு மரியாதை உண்டு. இந்த வருஷம் கடைக்காரர் சங்கம் புதிதாக ஒன்று சேர்த்தது. வீட்டில் வளர்த்த மரிமோக்களின் கண்காட்சி. நான் விடுவேனா? முதல் ஆளாகப் படிவத்தில் என் பேரை எழுதிக் கொடுத்தேன். சங்கத் தலைவர் ஒகாசவாரா வாங்கிப் பார்த்தார், ஜாடியை ஒரு தடவை பார்த்தார், "ம்ம்" என்றார்.

அந்த "ம்ம்" ஒரு வாரத்தில் ஊரைச் சுற்றிவிட்டது.

என் வீட்டுக்காரர் யசுகிச்சி முப்பது வருஷமாக ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனுஷன். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே கடை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"இல்ல. கொஞ்ச நாள் கரையில இருக்கச் சொல்லிட்டாரு மொதலாளி. கயிறு பின்னணுமாம்."

"கயிறா? சீசன் நேரத்துல படகோட்டிய உக்கார வெச்சுக் கயிறு பின்னச் சொல்றாரா?"

"ஊர்ல பேசிக்கிறாங்களாம். நம்ம ஜாடியில இருக்கறது ஏரி மரிமோவாம். நான் படகுலேருந்து அள்ளிட்டு வந்தேனாம்." காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனார். "சோறு இருக்கா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முப்பது வருஷம் அந்த ஏரிக்கு நடுவில் போய்வருகிற மனுஷன், பயணிகள் தண்ணீரில் கையை விட்டாலே சத்தம் போடுகிறவர். இன்னும் ரெண்டு வருஷத்தில் ஓய்வு. அவரைத் திருடன் என்றால், அந்தப் பேரோடுதான் கரை ஏறவேண்டும். யார் ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒகாசவாரா பாட்டில் விற்கிறார். அவர் விற்றதெல்லாம் கறுத்துப்போகிறது என்று பயணிகள் கடிதம் எழுதுகிறார்கள். எதிர்க்கடையில் அவரிடம் வாங்கிய ஒன்று மட்டும் ஆரஞ்சுப்பழம் மாதிரி உட்கார்ந்திருந்தால் அந்த மனுஷனுக்கு வயிறு எரியாதா?

மறுநாள் அவரே முடிவெட்டிக்கொள்ள வந்தார். அவருக்கு வெட்ட இருப்பதே இடது காதுக்கு மேலே உள்ள ஒரு கைப்பிடி முடி. அதை வலது காது வரை இழுத்துப் படிய வைப்பதுதான் என் வேலை. பெஞ்சில் ஹயசாகா உட்கார்ந்திருந்தாள். ஏரி மரிமோக்களைக் கவனித்துக்கொள்ளும் ஆராய்ச்சிக்காரி, முப்பது வயது இருக்கும், மாசம் ஒரு தடவை பின்கழுத்து மழிக்க வருவாள். நான் ஒகாசவாராவின் கழுத்தில் நுரை தடவிக் கத்தியை எடுத்த நேரம் பார்த்து அவர் வாயைத் திறந்தார்.

"ஷிகெனோசான், கோவிச்சுக்கக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சொல்லுங்க. தலைய மட்டும் ஆட்டாதீங்க."

"கண்காட்சியெல்லாம் வேணாம். கடைசி நாள் ஏரியில விடுற உருண்டைங்களோட உங்களதையும் சேத்து விட்டுடலாம். நம்ம வழக்கம்தான? யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. படகு மொதலாளிகிட்டயும் பேசிட்டேன். யசுகிச்சி மறுநாளே படகுல ஏறிக்கலாம். எல்லாருக்கும் மானமா முடிஞ்சுடும்."

நன்றாகப் பாருங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தயவு கிடையாது. குற்றத்தைக் கேட்காமலே மன்னிப்பது. செய்யாத குற்றத்துக்கு அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று மட்டும் அந்த வழுக்கைத் தலைக்குள் ஏறவில்லை.

"ஒகாசவாராசான், இத எங்க வாங்கினேன் தெரியுமா? உங்க கடையில. உங்க கையால காகிதத்துல சுத்திக் குடுத்தீங்க."

"எங்கிட்ட வாங்கினது இந்த அளவு வராதும்மா. நானே விக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு விக்கத்தான தெரியும்? வளக்கத் தெரியுமா?"

பெஞ்சிலிருந்து ஹயசாகா எழுந்தாள். "மன்னிச்சுக்கங்க, குறுக்க பேசறேன். அத ஏரியில விடறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏரியோடதா இருந்தா சந்தோஷமா வாங்கிக்குவேன். வெளிய உருட்டினதா இருந்தா ஒரு நார்கூட உள்ள போகக் கூடாது. வேற எடத்துப் பாசி வந்து கலந்துடும்."

"அத எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றேன்.

அவள் தயங்கினாள். "வெளியிலேருந்து பாத்தாச் சொல்ல முடியாது அக்கா. ஏரியில வளந்ததுக்கு நடுவுலேருந்து நாலா பக்கமும் நார் நேரா வெளிய ஓடும், சீவின மாதிரி. கையால உருட்டினது உள்ள சிக்குப் புடிச்ச முடி மாதிரிதான் இருக்கும். ஆனா அதுக்கு..."

"அதுக்கு?"

"குறுக்க வெட்டணும்."

நான் கத்தியைத் தீட்டுகிற தோல்வாரில் ரெண்டு இழுப்பு இழுத்தேன். ஒகாசவாராவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்ப வெட்டிடலாம்," என்றேன். "கண்காட்சிக்கு முந்தின நாள், ஊர் மண்டபத்துல. சங்கத்துல எல்லாரையும் கூப்பிடுங்க. மொதலாளியையும் கூப்பிடுங்க. நானே வெட்டறேன்."

சொல்லும்போது எவ்வளவு கெத்தாக இருந்தது! அவர் போன பிறகு ஜாடியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். உருண்டை வெட்டினாலும் பிழைக்கும். மனுஷன் பேர் பிழைக்காது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மிசோ சூப்பை வாய்க்குக் கொண்டுபோனவர் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

"வெட்டாத."

"என்னது?"

"வெட்டாதன்னு சொல்றேன். ஒகாசவாரா சொன்ன மாதிரி குடுத்துடு."

"குடுத்தா நீங்க திருடினதா ஆயிடும்! ஹயசாகாவும் வெட்டாம அத ஏரியில விட மாட்டா."

"ஆனா ஆகட்டும். ரெண்டு வருஷந்தான? நான் கயிறே பின்னிக்கிட்டு இருக்கேன். நீ அத வெட்டாத, ஷிகெனோ."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. வரக் கூடாத ஞாபகம்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் வெயில் காலத்தில் எனக்கு வயிற்றில் அறுவை நடந்தது. ரெண்டு மாசம் குஷிரோ ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மரிமோவை இவரிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து ஜாடியைப் பார்த்தபோது ஏதோ ஒன்று கண்ணை உறுத்தியது. போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் சின்னதாக, ஆனால் கொழுந்துப் பச்சையாக இருந்தது. படுத்துக் கிடந்துவிட்டு வந்த கண், அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். இப்போது அதற்கு வேறு அர்த்தம் தோன்றியது. செத்துப்போயிருந்தால்? நான் வந்து அழுவேனே என்று, படகிலிருந்து கையை நீட்டி, அதே அளவில் ஒன்றை...

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம். என் வாய்க்கே பயம் வந்தது அன்றைக்குத்தான். அடுத்த மூன்று நாள் கடையில் யாரிடமும் "நான் வளத்தது" என்று சொல்லவில்லை. வெட்டமாட்டேன் என்று பின்வாங்கினால் ஊர் சந்தேகத்தை உறுதி செய்துகொள்ளும். வெட்டி, உள்ளே நார் சீவின மாதிரி ஓடினால், புருஷனை நானே என் கத்தியால் திருடனாக்குவேன். படுத்தால் இதுதான், எழுந்தால் இதுதான்.

கடைசியில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொண்டேன். இந்த மனுஷனோடு முப்பத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். கடைக்காரன் சில்லறையில் பத்து யென் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் திரும்பப்போய்க் கொடுக்கிற ஆள். உருண்டைக்குள் என்ன இருக்கிறதோ தெரியாது, இவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தேன். அவர் ரெண்டடி பின்னால் வந்தார்.

மண்டபத்தில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். படகு முதலாளி கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில். ஒகாசவாரா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தோடு. ஹயசாகா மேஜைமேல் வெள்ளைத் தட்டும் நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தாள். நான் உருண்டையை எடுத்துத் தண்ணீரை வடித்துத் தட்டில் வைத்தேன். தண்ணீருக்கு வெளியே அது எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது!

"இன்னும் நேரம் இருக்கு, ஷிகெனோசான்," ஒகாசவாரா மெதுவாகச் சொன்னார். "வேணாம்னா விட்டுடலாம்."

"ஷிகெனோ," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கத்தியைப் பிரித்தேன், உச்சியில் வைத்து அழுத்தினேன். பச்சைத் தோல் மெத்தென்று பிளந்தது. ஒரு விரல் ஆழம் போனதும் கத்தி எதிலோ தட்டி நின்றது.

கல்லோ என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டு, தலையில் வகிடு எடுக்கிற மாதிரி ரெண்டு கட்டை விரலால் பாசியைப் பிரித்தேன். உள்ளே சீவின நார் இல்லை. குழப்பம். சிக்குப் பிடித்த, தாறுமாறான, மனுஷக் கை உருட்டின குழப்பம். அதைச் சுற்றிலும், குறுக்கும் நெடுக்குமாக, மீன் பிடிக்கிற நைலான் இழை. அரை விரலுக்கு ஒரு முடிச்சு. எண்ணினால் முப்பது நாற்பது இருக்கும்.

"கையால உருட்டினதுதான்," ஹயசாகாவின் குரல் உடைந்தது. அவளுக்கே அவ்வளவு சந்தோஷம். "சந்தேகமே இல்ல. இது ஏரியோடது இல்ல."

"இரு, இரு," என்றார் ஒகாசவாரா. குனிந்து பார்த்தார். "இந்த இழை எங்க வேலை இல்லையே. நாங்க வெறுங்கையால உருட்டுவோம். நூலே கட்ட மாட்டோம்."

படகு முதலாளி எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒரு முடிச்சைத் தொட்டார். அப்புறம் இன்னொன்றை. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"யோவ் யசுகிச்சி, இது படகக் கட்டற முடிச்சுல்ல?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்த பையன் மாதிரி நின்றார், அறுபது வயது மனுஷன்.

"சொல்லுங்க," என்றேன்.

"ஜன்னல்கிட்ட வெச்சுட்டேன்," என்றார். "நீ ஆஸ்பத்திரி போன நாலாம் நாள். தண்ணி மாத்தறப்ப வெச்சவன் மறந்துட்டேன். மூணு நாள் நல்ல வெயில். பாத்தா பழுப்பாயிடுச்சு, தொட்டா பிஞ்சு பிஞ்சு வருது. நடுவுல அழுகிப் போச்சு. அன்னிக்கு உன்னப் பாக்க வந்தப்ப, கண்ணத் தொறந்ததும் நீ மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'உருண்ட எப்படியிருக்கு?' நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன்ல? அப்பறம் அத நல்லா ஆக்கணும்ல? அழுகினத எல்லாம் களைஞ்சேன். பச்சையா இருந்த நாரு ஒரு புடிதான் தேறிச்சு. உருட்டினா நிக்கல. கட்டினேன். தெனம் படகுல என்கூடவே கொண்டுபோயி, நிழல்ல வெச்சு, சாயங்காலம் அவிழ்த்து மறுபடி கட்டி... ரெண்டு மாசம். கடைசியா இழை வெளிய தெரியாம மேல கொஞ்சம் நாரு சுத்தி மூடினேன். எனக்குத் தெரிஞ்ச முடிச்சு அது ஒண்ணுதான்."

மேஜைமேல் கிடந்த கத்தியை எடுத்து மடக்கினேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? பதினாலு வருஷம்!"

"எதுக்கு? வர்றவங்ககிட்டல்லாம் 'நான் வளத்தது, நான் வளத்தது'ன்னு சொல்லிட்டிருந்த. உள்ளறையிலேருந்து அதக் கேக்க நல்லாருந்துச்சு." இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெட்டினா ஒனக்குத் தெரிஞ்சு போயிடுமேன்னுதான். என்னைத் திருடன்னா சொல்லிட்டுப் போறானுங்க."

எனக்கு அழுகை வந்தது, வெட்கம் வந்தது. மூன்று நாள் இந்த மனுஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன்! அதற்கும் மேலே ஒன்று வந்தது. இத்தனை வருஷம் நான் பீற்றிக்கொண்ட பெருமையெல்லாம் அதன் கால் தூசுக்கு ஆகாது. இந்த ஊரில் எவளுக்கு இப்படி ஒரு புருஷன்?

படகு முதலாளி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நாளைக்குக் காலையில மொத படகு நீதான்யா எடுக்கற," என்றார். ஒகாசவாரா எழுந்து நின்று, அந்த ஒரு கைப்பிடி முடியும் முகத்தில் விழுகிற அளவுக்குக் குனிந்தார். குனியட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். அப்புறம், "போதும், நிமிருங்க. முடியச் சரி பண்ணணும்னா செவ்வாக்கிழமை வாங்க," என்றேன். சிரித்தார்கள்.

ஹயசாகா இழைகளைக் கத்தரித்து உருண்டையை முழுசாகப் பிரித்து, ரெண்டு பாதியையும் தனித்தனிக் கிண்ணத்தில் தண்ணீரில் போட்டாள். ரெண்டும் பிழைக்கும், உருட்டினால் ரெண்டு உருண்டையாகும் என்றாள். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"பதிவுக்கு எழுதிக்கிறேன். வளத்தவர் பேர் ஷிகெனோசான்தான?"

"ஆமாம்மா, அவதான்," என்றார் என் வீட்டுக்காரர் அவசரமாக. "இருபத்தாறு வருஷமா அவதான். எழுதிக்குங்க."

"எழுதாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் ஒருத்தர் தேநீரைக் கொட்டிவிட்டார். நோட்டை என் பக்கம் இழுத்து, பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன். படகோட்டி யசுகிச்சி. கொட்டை எழுத்தில். எழுதினது போதாதென்று தலையைத் தூக்கி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாயாலும் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் வளத்தது."

"ஏய், சும்மா இரு," என்றார் அவர், காது வரைக்கும் சிவந்துபோய்.

நான் சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு தடவை சொன்னேன்.